பத்தாம் வகுப்புக்குப் பின் எந்தப் படிப்பு? உழவர் வீடுகளுக்கு ஒரு பாடம்

நவரை அறுவடை முடிந்து, சொர்ணவாரிப் பயிர் வேலை நடந்துகொண்டிருக்கும் மே மாதத்தில்தான் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவும் வெளியாகிறது. கையில் வேலை நெருக்கடி. களத்து நெல் விற்ற பணம் இன்னும் முழுதாக வந்து சேர்ந்திருக்காது. அந்த நேரத்தில் பையனோ பெண்ணோ மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கொண்டு வந்து, "அப்பா, அடுத்து எதில் சேர்வது?" என்று கேட்டால் பல உழவர்கள் திகைத்து நின்றுவிடுகிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை எதில் சேர்ந்ததோ அதிலேயே சேர்த்துவிடுகிறார்கள். இல்லையென்றால் பஸ் நிலையத்தில் ஒட்டியிருக்கும் விளம்பரத்தை நம்பிப் போகிறார்கள்.

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில், பாலாற்றங்கரையில் உள்ளது ஓரிக்கை. திருமழிசை ஆழ்வாரின் பின்னே சென்ற பெருமாள் ஓர் இரவு தங்கிய இடமாதலால் 'ஓரிரவு இருக்கை' என்று பெயர் பெற்று, அதுவே ஓரிக்கை ஆயிற்று என்பார்கள். பெருமாள் தங்க ஓர் இரவு போதும். ஆனால் பிள்ளையின் நாற்பது ஆண்டு வாழ்க்கைக்கு உரிய முடிவை ஓர் இரவில் எடுத்துவிட முடியாது. விதை வாங்குவதற்கு முன் பட்டம், மண், தண்ணீர், விலை எல்லாவற்றையும் பார்க்கும் உழவர்கள், படிப்பைத் தேர்ந்தெடுப்பதற்கும் அதே நிதானத்தைக் கையாள வேண்டும். அதற்கான வழிமுறைகளை இங்கே பார்ப்போம்.

பழைய கணக்கு இனி உதவாது

வீட்டிலுள்ள பெரியவர்கள் "எஸ்.எஸ்.எல்.சி. முடித்தாலே போதும், வேலை கிடைத்துவிடும்" என்று சொல்லக்கூடும். அவர்கள் காலத்தில் பதினோராம் வகுப்புதான் எஸ்.எஸ்.எல்.சி. அதற்குப் பின் கல்லூரியில் ஓராண்டு பி.யு.சி. இருந்தது. 1978-ஆம் ஆண்டில்தான் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி வந்தது. பத்தாம் வகுப்பில் ஒரு பொதுத் தேர்வும், அதன் பின் இரண்டாண்டு மேல்நிலைப் படிப்பும் என்ற முறை அப்போது ஏற்பட்டது.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி 6 வயது முதல் 14 வயது வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரை கல்வி கட்டாயமானது, கட்டணமற்றது. ஆனால் நடைமுறையில் பத்தாம் வகுப்புதான் வாசற்படி. அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வுக்கும் குறைந்தபட்சக் கல்வித் தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே. கிராம நிர்வாக அலுவலர் பதவியும் இந்தத் தேர்வில்தான் அடங்கும். எனினும் அதே தேர்வைப் பட்டதாரிகளும் எழுதுகிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. எனவே வாசற்படியோடு நிற்காமல் உள்ளே செல்வதே நல்லது.

முதலில் மண் பரிசோதனை

நிலத்தை அறியாமல் உரம் இட்டால் பணம் வீண். பிள்ளையை அறியாமல் படிப்பைத் தேர்ந்தெடுத்தாலும் அப்படித்தான். மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்க்காதீர்கள். ஒவ்வொரு பாடத்தின் மதிப்பெண்ணையும் தனித்தனியாகப் பாருங்கள்.

கணக்கிலும் அறிவியலிலும் நல்ல மதிப்பெண் இருந்தால் அறிவியல் பிரிவு, பாலிடெக்னிக் இரண்டும் ஒத்துவரும். கணக்கு சுமாராக இருந்து அறிவியலில் ஆர்வம் இருந்தால் உயிரியல் சார்ந்த பிரிவைப் பார்க்கலாம். புத்தகப் படிப்பில் மந்தமாக இருந்தாலும், மோட்டாரைக் கழற்றி மாட்டுவதிலும் டிராக்டர் அருகிலேயே நிற்பதிலும் விருப்பமுள்ள பையன் இருப்பான். அவனுக்குக் கைத்தொழில் படிப்பே பொருத்தம். வரவு செலவை ஒழுங்காக எழுதிவைக்கும் பெண் வணிகவியலில் நன்றாக வருவாள்.

வகுப்பாசிரியரை ஒருமுறை நேரில் பார்த்துப் பேசுங்கள். பிள்ளையிடமும் கேளுங்கள். "உனக்கு என்ன தெரியும், சும்மா இரு" என்று சொல்லிவிட வேண்டாம். படிக்கப்போவது அந்தப் பிள்ளைதான்.

நான்கு வழிகள்

பத்தாம் வகுப்பு முடித்தவர்க்கு நம் மாநிலத்தில் முக்கியமாக நான்கு வழிகள் உள்ளன.

1. மேல்நிலைப் பள்ளி, பொதுப் பிரிவு (2 ஆண்டுகள்). பல்கலைக்கழகப் பட்டம் பெற விரும்புவோர் செல்லும் பொதுவான வழி இது. இது மட்டுமே வேலை தராது. அடுத்த படிப்புக்கு அனுமதிச் சீட்டு போன்றது. எனவே பிளஸ் டூவுக்குப் பின் மேலும் மூன்று அல்லது நான்கு ஆண்டு படிக்கவைக்க முடியுமா என்பதை இப்போதே எண்ணிப் பார்க்க வேண்டும்.

2. மேல்நிலைப் பள்ளி, தொழிற்கல்விப் பிரிவு (2 ஆண்டுகள்). வேளாண் அறிவியல், அடிப்படை இயந்திரவியல், மின் பொறியியல், நெசவுத் தொழில்நுட்பம், செவிலியம், அலுவலக மேலாண்மை போன்ற பாடங்கள் இதில் உண்டு. எல்லாப் பள்ளிகளிலும் எல்லாப் பிரிவும் இருக்காது. விசாரித்தே சேர வேண்டும். இதைப் படித்தவர் தொழில் சார்ந்த பட்டயப் படிப்பில் நேராக இரண்டாம் ஆண்டு சேர வாய்ப்பு உண்டு.

3. தொழிற்பயிற்சி நிலையம், அதாவது ஐ.டி.ஐ. (1 அல்லது 2 ஆண்டுகள்). பிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலக்ட்ரீஷியன், குளிர்சாதன மெக்கானிக் ஆகியவை இரண்டாண்டுப் பயிற்சிகள். வெல்டர், டீசல் மெக்கானிக் ஓராண்டு. அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாத உதவித்தொகையும் உண்டு. பயிற்சி முடித்தவர் 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி தொழிற்சாலையில் உதவித்தொகையுடன் பழகுநராகச் சேரலாம்.

4. பாலிடெக்னிக் (3 ஆண்டுகள்). சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிகல், கம்ப்யூட்டர் போன்ற பிரிவுகளில் பட்டயம் தருவது. சென்னை தரமணியில் உள்ள மத்திய பாலிடெக்னிக் போன்ற அரசுக் கல்லூரிகளில் கட்டணம் மிகக் குறைவு. பிளாஸ்டிக் தொழில்நுட்பத்தில் பட்டயம் பெற விரும்புவோர்க்கு 1968-இல் தொடங்கப்பட்ட கிண்டி சிப்பெட் நிறுவனம் உள்ளது. அங்கும் பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு உண்டு.

ஒரு வரப்பிலிருந்து அடுத்த வரப்புக்கு

ஐ.டி.ஐ.யில் சேர்த்தால் பையனின் படிப்பு அத்தோடு முடிந்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அது சரியல்ல. பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பட்டயம் பெற்றவர் பொறியியல் கல்லூரியில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐ.டி.ஐ. 2 ஆண்டு, பாலிடெக்னிக் 2 ஆண்டு, பொறியியல் 3 ஆண்டு, ஆக மொத்தம் 7 ஆண்டு. பிளஸ் டூ வழியாகப் பொறியியல் படிக்க 2-ம் 4-ம் சேர்ந்து 6 ஆண்டு. ஓராண்டுதான் வித்தியாசம். ஆனால் முதல் வழியில் நடுவில் எங்கே நின்றாலும் கையில் ஒரு சான்றிதழும் ஒரு தொழிலும் இருக்கும். மழை பொய்த்து, வீட்டில் பணம் இல்லாத ஆண்டு வந்தால் பையன் வேலைக்குப் போய்விட்டுப் பின்னர் தொடரலாம். பிளஸ் டூவோடு நின்றவருக்கு அந்த வசதி இல்லை. மானாவாரி நிலத்தில் ஊடுபயிர் போடுவது போன்றது இது. ஒன்று போனாலும் ஒன்று கைகொடுக்கும்.

எந்தக் குரூப் எடுத்தால் எந்தக் கதவு மூடும்?

மேல்நிலைப் பள்ளியில் சேரும் நாளில், "எந்தக் குரூப்பில் இடம் இருக்கிறதோ அதில் போடுங்கள்" என்று சொல்லிக் கையெழுத்திடும் பெற்றோர் பலர். இதுவே பெரிய தவறு. பதினோராம் வகுப்பில் எடுக்கும் பாடம்தான் பின்னால் எந்தப் பட்டப்படிப்பு கிடைக்கும் என்பதை முடிவு செய்கிறது.

பொறியியலுக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் வேண்டும். தமிழ்நாட்டில் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு 2007 முதல் இல்லை. கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்குக் கணக்கிட்டுத் தரவரிசை தயாராகிறது.

கால்நடை மருத்துவத்துக்கு உயிரியல் அவசியம். பி.எஸ்சி. நர்சிங் படிக்கவும் இயற்பியல், வேதியியலோடு உயிரியல் படித்திருக்க வேண்டும். எம்.பி.பி.எஸ். படிப்புக்கு இவற்றோடு நீட் தேர்வும் உண்டு.

கணிதம், உயிரியல் இரண்டும் உள்ள முதல் குரூப் எடுத்தால் பொறியியல், வேளாண்மை, கால்நடை, செவிலியம் ஆகிய எல்லாக் கதவும் திறந்திருக்கும். ஆனால் சுமை அதிகம். பத்தாம் வகுப்புக் கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறிய பிள்ளையை இதில் தள்ளினால் எதுவும் தேறாது. நெல்லுக்குத் தண்ணீர் வேண்டும் என்பதற்காக உளுந்துக்கும் அத்தனை தண்ணீர் கட்டினால் பயிர் அழுகிவிடும் அல்லவா?

வணிகவியல் பிரிவைத் தாழ்வாக எண்ண வேண்டாம். வங்கி, கூட்டுறவுச் சங்கம், தணிக்கை அலுவலகம், கடை கண்ணி எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதத் தெரிந்தவர் தேவை. பட்டயக் கணக்காளர் படிப்புக்கும் இதுவே நல்ல அடித்தளம். வரலாறு, பொருளியல், புவியியல் படித்தவர்க்கு ஆசிரியர் பணி, சட்டம், அரசுப் போட்டித் தேர்வுகள் ஆகியவற்றில் அந்தப் படிப்பு துணை செய்யும். காஞ்சிபுரத்தில் 1947-இல் தொடங்கிய பச்சையப்பன் ஆடவர் கல்லூரி, அதே பெயரில் அமைந்த மகளிர் கல்லூரி, செய்யாற்றில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி ஆகியவை இப்பகுதிப் பிள்ளைகளுக்கு எட்டும் தூரத்திலேயே உள்ளன.

வேளாண்மை படிக்க விரும்பினால்

"நாம் சேற்றில் மிதித்தது போதும், பிள்ளையும் மிதிக்க வேண்டுமா?" என்று உழவர்களே கேட்பதுண்டு. வேளாண்மைப் படிப்பு என்பது சேற்றில் இறங்குவது மட்டுமல்ல. 1868-இல் சென்னை சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண்மைப் பள்ளிதான் பின்னர் கோயம்புத்தூருக்கு மாறி, 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. நாம் இன்று சொர்ணவாரியில் நடும் ஏ.டி.டி. 37 என்ற குண்டு நெல்லும், கோ 51-ம் இத்தகைய ஆராய்ச்சி நிலையங்கள் தந்தவைதான்.

பள்ளியில் அறிவியல் பிரிவோ, தொழிற்கல்விப் பிரிவில் வேளாண் அறிவியலோ படித்தவர் இதற்கு விண்ணப்பிக்கலாம். தொழிற்கல்விப் பிரிவினருக்கு என்று ஒரு பங்கு இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. நான்காண்டு பட்டம் எட்டவில்லையென்றால், பிளஸ் டூவுக்குப் பின் இரண்டாண்டு வேளாண்மைப் பட்டயமும் தோட்டக்கலைப் பட்டயமும் உண்டு. உதவி வேளாண்மை அலுவலர், உதவித் தோட்டக்கலை அலுவலர் பதவிகளுக்கு இந்தப் பட்டயமே தகுதி. உரம், பூச்சிமருந்துக் கடை வைக்க உரிமம் கேட்கும்போதும் வேளாண் கல்வித் தகுதி பார்க்கப்படுகிறது.

பிள்ளை சொந்த நிலத்திலேயே நிற்பதாக இருந்தாலும் படிப்பு வீணாவதில்லை. கறவை மாடு, ஆடு, கோழி வளர்ப்பில் பயிற்சி பெற காட்டுப்பாக்கத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். இது கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது.

தறியும் தொழிற்சாலையும்

நம் பகுதியில் நிலத்தோடு தறியும் வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைகள் சேலத்தில் 1960-இல் நிறுவப்பட்ட இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தைப் பற்றி அறிந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு அங்கு உண்டு. சாயம், வடிவமைப்பு, நூல் தரம் ஆகியவற்றை முறையாகக் கற்றால், கூலிக்கு நெய்யும் குடும்பம் சொந்தமாகச் சரக்கு போடும் குடும்பமாக மாற வழி உண்டு.

இனி, தொழிற்சாலை வேலை. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது முதல் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் ஆலைகள் பெருகின. விடியற்காலையில் ஊர் ஊராகக் கம்பெனி பஸ் வருகிறது. பதினெட்டு வயது ஆனதும் அதில் ஏறிவிடலாம், படிப்பு எதற்கு என்று நினைக்கும் பிள்ளைகளும் உண்டு.

ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா செல்போன் ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கான இளைஞர்களும் பெண்களும் வேலை இழந்தனர். மறைமலைநகர் போர்டு கார் ஆலையிலும் 2022-இல் உற்பத்தி நின்றது. ஆலை மூடும்போது, கம்பெனி அடையாள அட்டை மட்டும் வைத்திருந்தவரின் நிலை வேறு. பிட்டர், எலக்ட்ரீஷியன் என்ற தொழிற்சான்று வைத்திருப்பவரின் நிலை வேறு. அட்டை ஆலையோடு போய்விடும். சான்று கூடவே வரும். ஆகவே ஆலை வேலைக்குத்தான் போவதென்றாலும், முதலில் ஐ.டி.ஐ.யோ பாலிடெக்னிக்கோ முடித்துவிட்டுப் போவதே நல்லது.

செலவுக் கணக்கு

ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் ஓர் உழவரை எடுத்துக்கொள்வோம். பையன் சுமாராகத் தேறியிருக்கிறான். தனியார் பாலிடெக்னிக் ஒன்றில் கட்டணம், பஸ், புத்தகம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ரூ. 60,000 ஆகும் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டிக்கு ஊரிலேயே கடன் வாங்குகிறார்.

முதலாண்டு வாங்கிய 60,000-க்கு மூன்றாண்டு வட்டி ரூ. 43,200. இரண்டாம் ஆண்டு வாங்கியதற்கு இரண்டாண்டு வட்டி ரூ. 28,800. மூன்றாம் ஆண்டுக் கடனுக்கு ரூ. 14,400. வட்டி மட்டும் ரூ. 86,400. அசல் 1,80,000. பையன் படிப்பை முடித்து வெளியே வரும் நாளில் வீட்டுக் கடன் ரூ. 2,66,400. அவனுக்கு வேலை கிடைக்க ஆறு மாதம் தாமதமானால் நிலப் பத்திரம் அடுத்தவர் பெட்டிக்குப் போய்விடும்.

அதே பையன் அரசு ஐ.டி.ஐ.யில் சேர்ந்தால் கட்டணம் இல்லை. ஊரில் கடன் இல்லை. இரண்டாண்டில் தொழில் கையில் இருக்கும். பின்னர் விரும்பினால் அரசு பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு சேரலாம். தனியார் கல்லூரி கூடாது என்பது நம் கருத்தல்ல. அரசு இடம் கிடைக்குமா என்று முயன்று பார்க்காமல் கடன் வாங்கக் கூடாது என்பதே கருத்து.

கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் வங்கியின் கல்விக் கடனைக் கேளுங்கள். ரூ. 4 லட்சம் வரை பிணையம் கேட்கப்படுவதில்லை. பெற்றோர் உடன் கையெழுத்திட்டால் போதும். படிப்புக் காலமும் அதன் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. நிலத்தை எழுதிக்கொடுத்துப் படிக்கவைக்க வேண்டாம்.

கேட்டால் கிடைக்கும் உதவிகள்

உழவர் பாதுகாப்புத் திட்டம்: 2011-இல் நடைமுறைக்கு வந்த முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில், இரண்டரை ஏக்கர் வரை நன்செய் அல்லது ஐந்து ஏக்கர் வரை புன்செய் வைத்திருந்து தாமே பயிரிடும் உழவர்களும் விவசாயத் தொழிலாளர்களும் உறுப்பினராகலாம். அவர்களுடைய பிள்ளைகளின் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், பட்டப் படிப்புகளுக்கு உதவித்தொகை உண்டு. அட்டையை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டுக் கேட்காமல் இருப்பவர் பலர். வட்டாட்சியர் அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவில் விண்ணப்பிக்க வேண்டும்.

மாதம் ஆயிரம் ரூபாய்: அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி சேரும் பெண்களுக்கு 2022 செப்டம்பர் 5 அன்று புதுமைப் பெண் திட்டமும், ஆண்களுக்கு 2024 ஆகஸ்ட் 9 அன்று தமிழ்ப் புதல்வன் திட்டமும் தொடங்கப்பட்டன. பட்டப்படிப்போடு பட்டயமும் ஐ.டி.ஐ.யும் இவற்றில் சேர்க்கப்பட்டன. சேரும் கல்லூரியிலேயே விதிகளைக் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

முதல் பட்டதாரி: குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லையென்றால், அரசுக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேரும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு.

இவை தவிர ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கான கல்வி உதவித்தொகைகளும் அரசு நல விடுதிகளும் உள்ளன.

சான்றிதழ்களைத் தயார் செய்தல்

நாற்று தயாராக இருந்தும் வயல் சேறடிக்கப்படாவிட்டால் நடவு தவறிவிடும். சான்றிதழ்களும் அப்படித்தான். கடைசி நாளில் அலைந்து இடத்தை இழந்தவர்கள் பலர். தேர்வு முடிவு வருவதற்கு முன்பே, அதாவது மார்ச், ஏப்ரல் மாதங்களிலேயே, பின்வருவனவற்றைத் தயார் செய்யுங்கள்:

1. சாதிச் சான்று. 2. வருமானச் சான்று. 3. இருப்பிடச் சான்று. 4. தேவையானால் முதல் பட்டதாரிச் சான்று. 5. சிறு, குறு விவசாயி சான்று. 6. ஆதார் அட்டை, பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு.

இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்ற வரிசையில் மனு நகரும். ஆதார், பள்ளிப் பதிவேடு, மதிப்பெண் பட்டியல் மூன்றிலும் பெயரும் முதலெழுத்தும் பிறந்த தேதியும் ஒன்றுபோல் உள்ளனவா என்று பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் உதவித்தொகை நின்றுவிடும்.

மூலச் சான்றிதழ்களை யாரிடமும் ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். ஐந்து நகல்களாவது எடுத்து வீட்டில் வையுங்கள்.

போலி விதை, போலிப் படிப்பு

சான்று அட்டை இல்லாத விதையை வாங்கக் கூடாது என்பது உழவர்களுக்குத் தெரியும். படிப்புக்கும் அப்படி ஓர் அட்டை உண்டு. பாலிடெக்னிக் என்றால் அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஒப்புதலும் மாநிலத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் இணைப்பும் வேண்டும். ஐ.டி.ஐ. என்றால் தேசிய அளவிலான தொழிற்சான்று கிடைக்குமா என்று கேட்க வேண்டும். செவிலியர் படிப்பு என்றால் நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரம் வேண்டும்.

மாடியில் இரண்டு அறை எடுத்து "ஓராண்டில் நர்ஸ்", "ஆறு மாதத்தில் வெளிநாட்டு வேலை" என்று பலகை மாட்டுவோர் எல்லா நகரங்களிலும் உண்டு. அங்கே கொடுக்கும் தாளை அரசும் ஏற்காது, பெரிய மருத்துவமனையும் ஏற்காது. நூறு சதவீத வேலை உத்தரவாதம் என்று சொன்னால், அதை எழுதித் தரச் சொல்லுங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

தேர்ச்சி பெறாவிட்டால்

ஒரு பாடத்தில் 35 மதிப்பெண் எட்டவில்லை என்பதற்காகப் பிள்ளையை ஏசுவதும் அடிப்பதும் கூடாது. முடிவு வந்த நாளில் அவர்களைத் தனியே விடவும் கூடாது. தவறிய பாடத்தை மட்டும் சில வாரங்களிலேயே நடக்கும் துணைத் தேர்வில் எழுதித் தேறினால், அதே ஆண்டில் பதினோராம் வகுப்பிலோ வேறு படிப்பிலோ சேரலாம், ஓராண்டு வீணாகாது. வெல்டர், ஒயர்மேன் போன்ற சில பயிற்சிகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். முதல் நடவு வெள்ளத்தில் போனால் நிலத்தைத் தரிசாகவா போடுகிறோம்? மறு நாற்று விட்டு நடுகிறோம் அல்லவா?

சந்தேகமும் விளக்கமும்

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து நல்ல மதிப்பெண் எடுத்திருக்கிறாள். பிளஸ் ஒன்னுக்குத் தனியார் ஆங்கிலப் பள்ளியில் சேர்க்கலாமா?

பதில்: யோசித்துச் செய்யுங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை படித்தவர்க்கு மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றில் 2021 முதலும் 7.5 சதவீத இட ஒதுக்கீடு வந்தது. பள்ளி மாறினால் இந்த உரிமை போய்விடும். அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்க்கு உள்ள 20 சதவீத முன்னுரிமையைப் பெறவும், 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதல் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். பணமும் கொடுத்து உரிமையையும் இழக்க வேண்டுமா என்று எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: பெண்ணுக்குப் பத்தாம் வகுப்பு போதாதா? வெளியூர் அனுப்பத் தயக்கமாக உள்ளது.

பதில்: போதாது. பதினெட்டு வயதுக்கு முன் திருமணம் செய்விப்பது சட்டப்படி குற்றம். அந்த இரண்டு, மூன்று ஆண்டுகளைப் படிப்பில் செலவிடுவதே நல்லது. 2021 மே மாதத்திலிருந்து அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் அறிமுகமானதால், அருகில் உள்ள பள்ளி, கல்லூரிக்குச் சென்றுவரும் செலவும் குறைந்துள்ளது. கிண்டியில் பெண்களுக்கென்றே அரசு ஐ.டி.ஐ. உள்ளது. நாளைக்குக் குடும்பத்தில் ஒரு கஷ்டம் வந்தால் நகையை விற்றுவிடலாம். படிப்பை யாரும் விற்க முடியாது, பறிக்கவும் முடியாது.

கேள்வி: ஒரே மகன். நிலத்தை யார் பார்ப்பது?

பதில்: அவனுக்கு விருப்பமிருந்தால் படித்துவிட்டுப் பார்க்கட்டும். டிராக்டர், பம்ப்செட், சொட்டுநீர்க் குழாய் ஆகியவற்றைப் பழுது பார்க்கத் தெரிந்த உழவனுக்கு நிலத்திலும் வருமானம், ஊரிலும் வருமானம். விருப்பமில்லாதவனை வரப்பில் கட்டிவைத்தால் நிலமும் கெடும், அவனும் கெடுவான்.

நிலமும் படிப்பும்

ஓரிக்கையில் பாலாற்றைக் கடந்து அதே சாலையில் சென்றால் உத்திரமேரூர். அங்கு வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து, கி.பி. 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. குடவோலைத் தேர்தல் முறையைச் சொல்லும் கல்வெட்டுகள் அவை. ஊர் வாரியத்தில் இடம் பெற கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் அதே கல்வெட்டில் இன்னொரு விதியும் உண்டு. அரைக்கால் வேலி, அதாவது அதில் பாதி நிலமே இருந்தாலும், கூடுதலாகக் கற்றவராக இருந்தால் அவர் பெயரையும் குடத்தில் இடலாம். குறைந்த நிலத்தைப் படிப்பு ஈடு செய்தது.

அது பிராமணர் சபை. அன்றைய படிப்பு எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. நம்மில் பெரும்பாலோரின் முன்னோர் அந்தக் குடத்தின் அருகிலும் செல்ல முடியாது. இன்று அரசுப் பள்ளிக் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ஒன்றரை ஏக்கரை மூன்று பிள்ளைகளுக்குப் பிரித்தால் ஆளுக்கு ஐம்பது சென்ட். படிப்பைப் பிரிக்க வேண்டியதில்லை. மூவரும் முழுதாக எடுத்துக்கொள்ளலாம்.

எனவே உழவர் பெருமக்களே, தேர்வு முடிவு வரும் வாரத்தில் ஒரு நாள் வயல் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டுப் பிள்ளையோடு பள்ளிக்குச் செல்லுங்கள். ஆசிரியரைக் கேளுங்கள். அரசு ஐ.டி.ஐ., அரசு பாலிடெக்னிக் இரண்டுக்கும் விண்ணப்பம் போட்டுவையுங்கள். மேல்நிலைப் பள்ளியில் இடம் கிடைத்தாலும் விண்ணப்பம் போடுவதில் நஷ்டம் இல்லை. பட்டம் தவறினால் அடுத்த பட்டம் வரை காத்திருக்க வேண்டும். இதிலோ ஓராண்டு போய்விடும்.